புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கேம் கிராஷ் ஆகிறதா? கார்டைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஆறு வருடமாக ஓடும் கம்ப்யூட்டரில் பழைய கார்டைக் கழற்றிவிட்டுப் புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறீர்கள். பவர் சப்ளை பழையதேதான், 650 வாட். பிரவுசர், வீடியோ எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. கேம் தொடங்கினால் பத்து இருபது நிமிடத்தில் விழுகிறது. சில நேரம் கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. சில நேரம் கம்ப்யூட்டரே பட்டென்று அணைந்து மறுபடி எழுகிறது. பழைய கார்டில் ஒருநாள்கூட இப்படி ஆனதில்லை. அதனால் கார்டு பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். ஆனால் இன்றே வேண்டாம். இதே அவசரத்தில் நான் ஒருமுறை புதிய கார்டைத் திருப்பிக் கொடுத்து, ஒன்றரை வாரம் காத்திருந்து, மாற்றுக் கார்டு வாங்கிப் போட்டேன். அன்று இரவே அதுவும் அதே கேமில், அதே இடத்தில் விழுந்தது. கடைசியில் பார்த்தால் குற்றம் ரேமில் இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கதைதான். புதிதாக வந்தவர் மேல் பழி போடுவது சுலபம்.

‘பழைய கார்டில் ஓடியதே’ என்பது நல்ல சாட்சி போலத் தோன்றும். உண்மையில் அது பாதி சாட்சிதான். பழைய கார்டு மெதுவானது. ஒரு காட்சியை வரைந்து முடிக்க அது நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை பிராசஸர் சும்மா காத்துக்கொண்டிருக்கும். ரேமுக்கும் ஓய்வு, பவர் சப்ளைக்கும் ஓய்வு. புதிய கார்டு வந்ததும் அந்த ஓய்வு போய்விட்டது. அது கண் மூடித் திறப்பதற்குள் ஒரு காட்சியை முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்கிறது. அதற்கு ஈடுகொடுக்க மற்ற எல்லாமே முழு மூச்சில் ஓட வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்த பலவீனம் எதுவோ அது இப்போது வெளியே வருகிறது. அது கார்டாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன், எப்படி விழுகிறது என்பதைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே நோய் போலத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரே நீலத்திரைகூடக் காட்டாமல் அணைந்து எழுந்தால் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் அங்கே கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக ஒரு வரி இருக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு ‘41 பிழை வருகிறது, எப்படிச் சரிசெய்வது’ என்று தேடுகிறார்கள். அது நோயின் பெயரே அல்ல. ‘போன தடவை என்னை முறையாக மூடவில்லை’ என்று விண்டோஸ் கண்விழித்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அதைத் திறந்து விவரங்களில் பக்செக்கோட் (விண்டோஸ் விழுந்த காரணத்தின் எண்) என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால், என்ன நடந்தது என்று எழுதவே விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கரண்ட் போனது போல.

கேம் மட்டும் மூடிக்கொண்டால் கதை வேறு. பெரும்பாலும் ஒரு நொடி திரை கறுத்து, பிறகு டெஸ்க்டாப் வரும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து டிடிஆர் என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் அசையவில்லை என்றால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸ் பிடித்து உலுக்கி மறுபடி தொடங்கிவைக்கும். கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும், கேம் பிழைக்காது. ஈவென்ட் வியூவரில் இது 4101 என்று பதிவாகும். கேம் தன் பங்குக்கு ‘டிவைஸ் ரிமூவ்டு’ என்றோ ‘டிவைஸ் ஹங்’ என்றோ சொல்லிவிட்டு மூடும். இந்த 2 விநாடியை விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 8 ஆகவோ 10 ஆகவோ கூட்டச் சொல்லி ஆலோசனை தருபவர்கள் உண்டு. கேமுக்கு அதைச் செய்யாதீர்கள். காய்ச்சல் குறையத் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது போன்றது அது.

மூன்றாவது வகையும் ஒன்று இருக்கிறது. திரை கறுக்காது, டிரைவர் பற்றிய பதிவும் இருக்காது. கேம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். பதிவில் ‘அப்ளிகேஷன் எரர்’ என்று அந்தக் கேமின் பெயர் மட்டும் இருக்கும். இங்கே கார்டைவிட ரேம், பிராசஸர், கேமின் சேதமான ஃபைல்கள் ஆகியவற்றையே முதலில் சந்தேகிப்பேன்.

ஈவென்ட் வியூவர் மிரட்டினால் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று தேடித் திறங்கள். நாள் வாரியாகக் கட்டம் போட்டு, எந்த நாள் எது விழுந்தது என்று காட்டும். நீங்கள் கார்டு மாட்டிய தேதிக்கு முன்பே அங்கே ஒன்றிரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தால், ‘ஒருநாள்கூட ஆனதில்லை’ என்பதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். நம் ஞாபகத்தைவிட அது நம்பகமானது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் கம்ப்யூட்டரே அணைகிறது என்கிறீர்கள்.

650 வாட் போதுமா என்ற கேள்விக்குப் பெட்டியில் எழுதிய எண் மட்டும் பதில் சொல்லாது. மதர்போர்டு சாக்கெட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும். 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு ஒவ்வொன்றும் 150. இவை சராசரிக் கணக்கு. கார்டு உண்மையில் சராசரியாகக் குடிப்பதில்லை. வெடிப்பு ஒன்று, கேமரா சட்டென்று திரும்புவது என்று வேலை எகிறும்போது, கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பொழுதுக்கு, தன் வரம்பைத் தாண்டி ஒரு பெரிய வாய் இழுக்கும். பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்தால் உடனே அணைத்துவிடும். இந்தத் தொல்லை பெரிதானதால்தான் 2022இல் பவர் சப்ளைகளுக்கு வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, புதிய 16 பின் இணைப்போடு வரும் சப்ளைகள் தம் அளவைப் போல இரு மடங்கு வரையான இழுப்பை 100 மைக்ரோவிநாடிக்குத் தாங்க வேண்டும் என்று விதித்தது. உங்களுடையது அதற்கு முந்தையது. அதனால் கெட்டது என்று அர்த்தமில்லை. இப்படி ஒரு பசிக்காரர் வருவார் என்று எதிர்பார்த்துச் செய்யப்படவில்லை, அவ்வளவே.

முதல் வேலை கேபிள். கார்டில் இரண்டு 8 பின் துளைகள் இருந்தால், ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைத் தலையை இரண்டிலும் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பார்வைக்கு நேர்த்தியாக இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அதை மாற்றி, சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள்கள் கொண்டுவாருங்கள். இது ஒன்றிலேயே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஒன்று: இழுப்பறையில் கிடக்கும் வேறொரு சப்ளையின் கேபிளை எடுத்து மாட்டிவிடாதீர்கள். கார்டுப் பக்கம் எல்லாக் கேபிளும் ஒரே மாதிரி இருக்கும். சப்ளைப் பக்கம் கம்பி வரிசைக்குப் பொதுவான ஒழுங்கு கிடையாது. சிரமமில்லாமல் உள்ளே போகும், ஸ்விட்சைப் போட்டதும் கார்டைச் சுட்டுவிடும்.

செருகியது முழுதாகச் செருகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது. விரலால் பாருங்கள். 8 பின் தலை பெரும்பாலும் ஆறும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும். நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் ஆறு பின் துண்டு கொக்கி மாட்டி நன்றாக இருந்தது. பக்கத்து இரண்டு பின் துண்டு மட்டும் ஒரு நகக்கண் அளவுக்குப் பின்வாங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரல் நுனியை இரண்டின் முதுகிலும் ஓட்டியபோது நடுவில் ஒரு படி தட்டுப்பட்டது. கார்டு சூடாகி ஃபேன் வேகமெடுக்கும்போது அந்தத் தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. ஒரு அழுத்து, ஒரு ‘டிக்’ சத்தம், முடிந்தது. 16 பின் இணைப்பானால் இன்னும் கவனம் வேண்டும்: இடைவெளி தெரியாமல் கடைசிவரை போக வேண்டும், செருகிய இடத்திலேயே கேபிளை மடக்கக் கூடாது, கேஸின் பக்கக் கதவு அதை அழுத்தக் கூடாது. கையோடு கார்டையும் ஒருமுறை கழற்றி, சாக்கெட்டில் மறுபடி அழுத்தி, கொக்கி பூட்டுகிறதா என்று பாருங்கள். கனமான கார்டு என்றால் நுனி தொங்குகிறதா என்றும்.

பிறகு ஒரு சோதனை. ஆஃப்டர்பர்னர் மாதிரி கார்டின் அமைப்பை மாற்றும் ஒரு கருவியில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை) 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு ஒரு மாலை முழுதும் விளையாடுங்கள். கம்ப்யூட்டர் அணைவது நின்றுவிட்டால் சப்ளை மேல் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம், ஏனென்றால் பவரைக் குறைத்தால் கார்டின் வேகமும் சேர்ந்தே குறையும். அடுத்த நாள் பவர் லிமிட்டை 100க்கே கொண்டுவந்துவிட்டு, கார்டின் ஓட்ட வேகமான கோர் கிளாக்கை மட்டும் 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரை இறக்கிப் பாருங்கள். இதிலேயே எல்லாம் சரியானால், கார்டு தன் பெட்டியில் எழுதிய வேகத்தில் நிலையாக ஓடவில்லை என்று பொருள். அப்போது தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் வாங்கியது அந்த வேகத்துக்கும் சேர்த்துத்தான்.

கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க்கை அரைமணி ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை, அதனால் சப்ளை நல்லது என்று சிலர் சொல்வதுண்டு. அது ஒரே சீராகப் பாரம் ஏற்றும் சோதனை. சப்ளையைக் கவிழ்ப்பது சீரான பாரத்தைவிட ஏற்ற இறக்கம்தான். மெனுவில் இருந்துவிட்டுக் கேமுக்குள் போவது, காட்சி மாறுவது, இவைதான் நல்ல சோதனை.

இனி டெஸ்க்டாப்புக்கு விழும் வகை. இதற்கு முதலில் டிரைவர். பழைய டிரைவர் மேலேயே புதியதைப் போட்டிருந்தால், குறிப்பாகப் பழைய கார்டு ஒரு கம்பெனி, புதியது இன்னொரு கம்பெனி என்றால், ஒருமுறை சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போடுவது நல்லது. டிடியு என்று சுருக்கமாகச் சொல்லும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் அதற்கான கருவி. புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களோடு எழும் நிலையில்) போய் அதை ஓட்டுங்கள். இணையத்தைத் துண்டிக்காவிட்டால், நீங்கள் துடைத்து முடித்த கையோடு விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். ஒவ்வொரு கிராஷுக்கும் இதைச் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை, ஒருமுறை போதும்.

‘லேட்டஸ்ட் டிரைவர்தான் போட்டிருக்கிறேன்’ என்பதும் முழுச் சமாதானம் அல்ல. 2025 தொடக்கத்தில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்தபோது பலருக்குத் திரை கறுத்துப்போய், அந்த நிறுவனமே அடுத்தடுத்து அவசரத் திருத்தமான ஹாட்ஃபிக்ஸ் டிரைவர்கள் வெளியிட வேண்டியிருந்தது. புதியதில் விழுந்தால் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வெர்ஷன்களையும் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கேம் மட்டும் விழுகிறது, மற்றவை ஓடுகின்றன என்றால், அந்தக் கேமின் ஃபைல்களைச் சரிபார்ப்பது, அதன் பழைய செட்டிங்ஸ் ஃபைலை நீக்குவது, டைரக்ட்எக்ஸ் 12க்குப் பதில் 11 தேர்வு இருந்தால் அதில் ஓட்டுவது, கேமின் மேல் மிதக்கும் ஓவர்லேக்களை மூடுவது என்று பாருங்கள். இவை எல்லாம் ஐந்து ஐந்து நிமிட வேலை.

பிழைச் செய்தி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. உங்கள் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது, ஆனாலும் சொல்கிறேன். அன்ரியல் என்ஜின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம்கள் சிலருக்கு ‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று சொல்லி விழுந்துகொண்டிருந்தன. கார்டில் 24 ஜிபி மெமரி வைத்திருந்தவருக்கும் அதே செய்தி. எல்லோரும் கார்டைத் திட்டினார்கள், டிரைவரைத் திட்டினார்கள். குற்றவாளி இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர். கேம் தொடங்கும்போது காட்சிக்கு ஒளியும் நிறமும் தரும் சிறு நிரல்களான ஷேடர்களைப் பிரித்துத் தயார்செய்வது பிராசஸரின் வேலை. அங்கே கணக்குத் தப்பியதும் கேம் அதை வீடியோ மெமரிக் குறை என்று தவறாகப் புரிந்துகொண்டது. அதிகமான வோல்டேஜால் சிப் தேய்வதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தமும் அடுத்த மாதம் இன்னொன்றும் தந்தது, வாரன்டியையும் 2 வருடம் நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை அந்தத் திருத்தம் குணமாக்காது. இந்தத் தலைமுறை பிராசஸர் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், முதலில் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது ரேம். பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்றை வாங்கிய நாளில் ஆன் செய்திருப்பீர்கள், பிறகு மறந்திருப்பீர்கள். அது ரேமைப் பொதுத் தரத்துக்கு மேலே ஓட்டும் ஓவர்கிளாக்தான், பெட்டியில் அச்சடித்திருந்தாலும். நான் மேலே சொன்ன என் கதையில் பிடிபட்டது இதுதான்: எக்ஸ்எம்பியை ஆஃப் செய்த இரவில் கேம் மூன்று மணி நேரம் ஓடியது, ஆன் செய்தால் கால் மணியில் விழுந்தது. சந்தேகம் தீர ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓட்டுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது அதிகம். பிராசஸரை எப்போதாவது ஓவர்கிளாக்கோ அண்டர்வோல்ட்டோ (வோல்டேஜைக் குறைப்பது) செய்திருந்தால் அதையும் இயல்புக்குக் கொண்டுவந்துவிட்டே சோதனையைத் தொடங்குங்கள்.

கார்டைக் கண்ணாடி வழியே அழகாகத் தெரியச் செங்குத்தாக மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் ரைசர் கேபிளைச் சந்தேகியுங்கள். ஜென் 3 (சாக்கெட்டின் மூன்றாம் தலைமுறை வேகம்) காலத்து ரைசரில் ஜென் 4 கார்டைப் போட்டால் சிக்னல் தடுமாறும். ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் 17 என்ற ஹார்டுவேர் பிழை வரிவரியாகக் கொட்டும். பயாஸில் அந்த சாக்கெட்டை ஜென் 3 என்று நிர்ணயித்தால் அடங்கிவிடும். நேரடியாக மதர்போர்டில் மாட்டியிருந்தால் இதை விட்டுவிடலாம்.

சூடு பற்றி எல்லோரும் முதலில் சொல்வார்கள், நான் கடைசியில் சொல்கிறேன். இன்றைய கார்டுகள் சூடானால் விழுவதற்கு முன் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் நேரடிக் காரணமாக இருப்பது குறைவு. ஆனால் 300 வாட் குடிக்கும் கார்டு அந்த 300 வாட்டையும் சூடாகக் கேஸுக்குள்தான் கக்குகிறது. ரேமும் மதர்போர்டும் அதில் வேகும். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு விளையாடிப் பாருங்கள். 10 நிமிடத்தில் விழுந்தது ஒரு மணி நேரம் தாங்கினால் விஷயம் காற்றோட்டம். சூடு, வோல்டேஜ் எல்லாம் அளக்கும் எச்டபிள்யூஇன்ஃபோவை ஃபைலில் பதிவுசெய்யும்படி ஓடவிட்டு, விழுந்த பிறகு அதன் கடைசி வரியைப் படிப்பதும் நல்ல பழக்கம்: ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடான இடம்) எவ்வளவு, சப்ளையின் 12 வோல்ட் 11.4க்குக் கீழே போனதா என்று. நொடிக்கு ஒருமுறை அளக்கும் கருவிக்கு நான் சொன்ன அந்தப் பெரிய வாய் இழுப்பு தெரியாது. அதனால் எண் நன்றாக இருப்பதாலேயே சப்ளையை விடுவித்துவிடாதீர்கள்.

உங்கள் இடத்தில் நானிருந்தால்: இன்று இரவு தனித்தனிக் கேபிள், எக்ஸ்எம்பி ஆஃப், டிடியு மூன்றையும் ஒன்றாகச் செய்வேன். ஒன்றொன்றாக மாற்று என்று பாடம் சொல்வார்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் நோய் நிற்கிறதா என்று தெரிய வேண்டும், எது காரணம் என்று பிறகு ஒன்றொன்றாகத் திரும்பப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால், நல்ல சப்ளை உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் கார்டை மாட்டிப் பாருங்கள். எல்லாச் சோதனைகளையும்விட இது மேலானது. அங்கேயும் விழுந்தால் வாதமே வேண்டாம். அதேபோல விழுவதற்கு முன் திரையில் வண்ணக் கட்டங்கள், புள்ளிகள் சிதறினாலோ, ஓசிசிடி என்ற கருவியின் வீடியோ மெமரி சோதனை பிழை காட்டினாலோ, உங்கள் சப்ளையும் ரேமும் பெரும்பாலும் குற்றமற்றவை. கார்டை அன்றே பெட்டியில் போடுங்கள்.

கொடுக்கும்போது ‘கேம் கிராஷ் ஆகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அவர்கள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தச் சோதனை, எத்தனை நிமிடம், என்ன பிழை, வேறொரு கம்ப்யூட்டரிலும் அதேதான் என்று நான்கு வரி எழுதி உள்ளே வையுங்கள். அப்புறம், கார்டோடு வந்த அடாப்டர் கேபிளையும் மறக்காமல் வையுங்கள். நான் அதை என் சப்ளையிலேயே தொங்கவிட்டுவிட்டுப் பெட்டியை அனுப்பிவைத்தவன்.